பிரசங்கியார் எங்கே நிற்கிறார்?

ஒரு நகரத்தின் பேருந்துச் சேவை எந்த இடத்தில் சரியில்லை என்பதை அறிய ஆண்டறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை, தெருப் பிரசங்கிகள் எந்தெந்த நிறுத்தங்களில் வந்து நிற்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது, பேருந்தை மட்டுமே நம்பி வேலைக்குப் போய்வரும் எனக்கு நாளடைவில் ஏற்பட்டிருக்கும் எண்ணம். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரசங்கியாருக்குத் தேவை வெறும் கூட்டமன்று, நிற்கிற கூட்டம். கடைத்தெருவில் ஆயிரம் பேர் போனாலும் ஒருவரும் நிற்பதில்லை. அடிக்கடி வண்டி வரும் பெரிய நிலையத்திலும் அப்படியே. இறங்கியவர் ஏறப் போகிறார், ஏறியவர் போய்விடுகிறார். போக வழியில்லாமல், வீட்டுக்குத் திரும்பவும் முடியாமல், சாலையின் ஒரே திசையைப் பார்த்தபடி இருபது முப்பது பேர் நிற்கும் இடம் நகரத்தில் ஒன்றுதான் உண்டு. அது வண்டி வராத பேருந்து நிறுத்தம்.

கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பேச்சாளர் போவது பழைய வழக்கம். 1739 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட்டில், தேவாலயத்தின் பக்கமே வராத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற மதபோதகர் திறந்த வெளியில் நின்று பேசினார். அவர் வற்புறுத்தியதால் அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு போதகரான ஜான் வெஸ்லியும் ஒரு மேட்டின் மீது ஏறி நின்று பேசத் தொடங்கினார். ஒழுங்குமுறையில் மிகுந்த பற்றுடைய வெஸ்லிக்கு முதலில் அது கௌரவக் குறைவாகத்தான் பட்டது. பிறகு வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை. அந்தத் தொழிலாளர்களைத் தேடிப் போனவர்களுடைய வாரிசுகள் இன்று பேருந்து நிறுத்தங்களையும் ரயில் நிலைய வாயில்களையும் தேடி வருகிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 2011இல் நியூயார்க்கில் பிரசுரங்கள் அடுக்கிய சக்கர வண்டிகளோடு பொது இடங்களில் நிற்கும் முறையைத் தொடங்கியபோதும், மக்கள் திரளாக வந்துபோகும் போக்குவரத்து முனைகளையே பெரிதும் நாடினார்கள். பெரிய நிலையங்களில் அவர்கள் குரல் கொடுப்பதில்லை. ஓடுகிறவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தவர்கள் போல, இருவராகச் சேர்ந்து அமைதியாக நிற்கிறார்கள்.

இதிலிருந்து நான் கண்டுகொண்ட ஒன்று உண்டு. பிரசங்கத்தின் நீளம், அந்த நிறுத்தத்தில் பேருந்துகளுக்கு இடையே உள்ள நேரத்தின் நீளத்தை ஒட்டியே அமைகிறது. அடிக்கடி வண்டி வரும் இடத்தில் நான்காக மடித்த துண்டுப்பிரசுரம் ஒன்று கைக்கு வரும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் ஒரு சிறு கதையும் ஒரு எச்சரிக்கையும். அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்றால், உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி அது முடியப்போகும் நாள் வரைக்கும் ஒரு முழு வரலாறே கேட்கக் கிடைக்கும். எந்த மதமானாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. தேர்தல் காலத்தில் வரும் அரசியல் பேச்சாளர்களும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நான் வழக்கமாக ஏறும் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் வந்து நிற்பார். தோளில் குறுக்காக மாட்டிய சிறிய ஒலிபெருக்கி, அதன் பிடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிரசுரக் கற்றை, வெயில் மழை இரண்டுக்கும் ஒரே குடை. கண்கள் கூட்டத்தைப் பார்க்கும்; ஆனால் அவ்வப்போது சாலையின் கோடியையும் ஒரு நொடி பார்த்துக்கொள்ளும். வண்டியின் தலை தெரிந்ததும், எந்த வாக்கியத்தில் இருந்தாலும் அதைச் சுருக்கி முடித்துவிடுவார். ஒருநாள், நியாயத்தீர்ப்பைப் பற்றி உச்சக் குரலில் பேசிக்கொண்டிருந்தபோது மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவரிடமே, "ஐயா, வண்டி போயிருச்சா?" என்று கேட்டார். அவர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து விலக்காமலே, "போய் ரொம்ப நேரமாச்சும்மா, அடுத்தது வர இன்னும் நேரம் இருக்கு, உட்காருங்க" என்று நிறுத்தம் முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நியாயத்தீர்ப்பைத் தொடர்ந்தார். அந்த நிறுத்தத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நேர அறிவிப்பு அவருடையதுதான். வருகை நேரம் காட்டுவதற்கென்று நட்டு வைத்த மின்பலகை இருட்டாகவே இருந்தது.

பிறகொரு நாள், ஏன் பெரிய நிலையத்துக்குப் போகாமல் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டேன். "அங்க யாரு தம்பி நிப்பாங்க? இங்கதான் நிப்பாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த நடை ஓடுவதில்லை, மாலையில் எந்த வண்டி பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரவு வண்டியில் ஆளே இல்லை என்று சொல்லித்தானே அதை நிறுத்தினார்கள் என்றேன். "ஆள் இல்லன்னு வண்டி வர்றதில்ல, வண்டி வர்றதில்லன்னு ஆள் நிக்கிறதில்ல. நான் ரெண்டையும் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்" என்றார். சேவை குறைவதும் பயணிகள் குறைவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போவதைப் பற்றிப் போக்குவரத்து நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் அந்த இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

காத்திருப்பு என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிர்வாகங்கள் பேசும் மொழிக்கும் நிறுத்தத்தில் நிற்பவரின் அனுபவத்துக்கும் இடையே உள்ள பள்ளம் இங்கேதான் இருக்கிறது. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு வண்டிகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சரியாகப் பத்து நிமிட இடைவெளியில் அவை வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு வண்டிகள் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி வந்தால், சராசரிக் காத்திருப்பு 6.25 நிமிடமாகிறது. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அது 10 நிமிடமாகிவிடும், அதாவது இரண்டு மடங்கு. ஓட்டுநர்களின் எண்ணிக்கை மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை, அறிக்கையில் காட்டும் 'மணிக்கு ஆறு நடை' என்ற எண்ணும் மாறவில்லை. மாறியதெல்லாம் நிற்பவரின் வாழ்க்கையிலிருந்து போன நேரம்தான்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 5, 15 என்று இடைவெளிகள் மாறி மாறி அமையும்போது, பயணிகள் சீராக வந்துகொண்டிருந்தால் நான்கில் மூன்று பேர் அந்த 15 நிமிட இடைவெளியில்தான் வந்து சேர்வார்கள். ஒருவர் மட்டுமே குறுகிய இடைவெளியில் வருவார். ஆகவே வண்டிகளை எண்ணும் அதிகாரி, "பாதி வண்டிகள் காலியாகத்தானே ஓடுகின்றன?" என்று உண்மையாகவே கேட்கலாம், பயணிகளைக் கேட்டால் நான்கில் மூன்று பேர், "நெரிசலில்தான் போகிறோம்" என்று அதே உண்மையோடு சொல்வார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வண்டியின் சராசரியை எடுக்கிறார், மற்றவர் மனிதரின் சராசரியைச் சொல்கிறார். பொதுப் போக்குவரத்தைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறப்பவை என்றே நான் கருதுகிறேன்.

வண்டிகள் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதற்கும் யாரோ ஓட்டுநரின் சோம்பல் காரணமில்லை. ஒரு வண்டி சிக்னலில் மாட்டிச் சிறிது தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்திருப்பார்கள்; அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதமாகும்; அதற்கடுத்த நிறுத்தத்தில் எட்டுப் பேர். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை. அது விரைந்து வந்து முன்வண்டியின் முதுகைத் தொட்டுவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணிதமாக எழுதிக் காட்டியது 1964இல். தன் போக்கில் விட்டால் பேருந்துகள் ஒன்று சேர்ந்தே தீரும், இடைவெளியைக் காப்பதற்கென்று யாராவது வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாடா வெட்டித் திறந்து வைக்க அதில் எதுவும் இல்லை என்பதால், அதற்குப் பணம் ஒதுக்கவும் யாரும் அவசரப்படுவதில்லை.

என்ன செய்யலாம் என்பதற்குப் பல நகரங்களின் அனுபவம் இருக்கிறது. முதலில் ஏறும் நேரம். எல்லோரும் ஒரே கதவில் வரிசையாக ஏறி, ஓட்டுநரிடம் நின்று சில்லறை எண்ணிக் கொடுக்கும் முறைதான் நான் மேலே சொன்ன தாமதச் சங்கிலியின் முதல் கண்ணி. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் தனிப்பாதைப் பேருந்துகளைத் தொடங்கியது. 1991இல் குழாய் வடிவக் கண்ணாடி நிறுத்தங்களைக் கட்டி, கட்டணத்தை நிறுத்தத்திலேயே வாங்கிக்கொண்டு, வண்டியின் தளத்துக்குச் சமமான உயரத்திலிருந்து மக்கள் பல கதவுகளிலும் ஏற வழி செய்தது. அப்படிக் கட்டுமானம் எதுவும் இல்லாமலேயே, 2012இல் சான் பிரான்சிஸ்கோ தன் வண்டிகள் அனைத்திலும் எல்லாக் கதவுகளிலும் ஏறலாம் என்று அனுமதித்தது. கட்டணம் கொடுக்காமல் ஏறுவது பெருகிவிடும் என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லப்படும் மறுப்பு. அதற்குப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எல்லோரையும் தினமும் ஒற்றை வாயிலில் நிறுத்தி வைப்பது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது.

அடுத்தது பாதை. நியூயார்க்கின் 14ஆம் தெருவில் ஓடிய பேருந்து, நடந்து போகிறவரே முந்திவிடக்கூடிய வேகத்துக்குப் பெயர் பெற்ற தடம். 2019 அக்டோபரில் அந்தத் தெருவின் பெரும்பகுதியில் தனியார் கார்கள் ஊடே கடந்து செல்வதைத் தடுத்தார்கள். புதிய தண்டவாளம் இல்லை, சுரங்கம் இல்லை. பெயின்டும் பலகைகளும் கேமராக்களும்தான். வண்டிகள் வேகமெடுத்தன. பக்கத்துத் தெருக்கள் கார்களால் நிரம்பி வழியும் என்று வழக்கு வரைக்கும் போனவர்கள் அஞ்சிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் ஹியூஸ்டன் செய்தது. எண்ணெய்த் தொழிலும் அகலச் சாலைகளும் கார்களும் நிறைந்த அந்த நகரத்தில், 2015 ஆகஸ்டில் ஒரே இரவில் பேருந்துத் தடங்கள் ஏறத்தாழ முழுவதையும் மாற்றி அமைத்தார்கள். அதற்கு முன் பெரும்பாலான தடங்கள் நகர மையத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிப் பல மணி நேரங்களை வீணாக்கின. புதிய வலையில், கட்டங்கட்டமாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தடங்களில், வார இறுதி உட்பட எல்லா நாளும் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதை அடிப்படையாக வைத்தார்கள். மறுசீரமைப்பில் ஆலோசகராக இருந்த ஜாரெட் வாக்கர் முன்வைத்த கேள்வி நேரடியானது. இருக்கிற பணத்தில் நிறையப் பேர் ஏறும்படி சில தடங்களில் அடிக்கடி ஓட்டப் போகிறீர்களா, அல்லது எல்லா மூலைக்கும் எப்போதாவது ஒரு வண்டி அனுப்பப் போகிறீர்களா? இரண்டும் நியாயமான நோக்கங்கள்தான். ஆனால் ஒரே ரூபாயை இரண்டுக்கும் செலவழிக்க முடியாது. பெரும்பாலான நகரங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. எங்கள் தெருவுக்கும் வண்டி வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் ஆமாம் சொல்லி, கடைசியில் எல்லாத் தெருவிலும் யாரும் நம்பி நிற்க முடியாத ஒரு வண்டியை ஓட்டுகின்றன. அதன் விலையை வாரநாள் காலையில் அலுவலகம் போகிறவர் அவ்வளவாகக் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும் மருத்துவமனைத் துப்புரவாளரும், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளியும்தான் கொடுக்கிறார்கள். ஹியூஸ்டனில் வார இறுதிப் பயணிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி ஓட்ட முடியாத இடங்களில் வேறு வழி உண்டு. 1982இல் சுவிட்சர்லாந்து தன் ரயில்களை ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படும்படி ஒழுங்குபடுத்தியது. 1987இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட 'ரயில் 2000' திட்டம் அதை இன்னும் கூர்மையாக்கியது. சூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே பயண நேரத்தை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்தால் போதும், அப்போது மணி அடிக்குமுன் எல்லா வண்டிகளும் வந்து சேரும், அடித்த பின் எல்லாம் கிளம்பும், இடையில் மாறி ஏறிக்கொள்ளலாம் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். முடிந்த அளவு வேகம் என்பதை விட்டு, தேவையான அளவு வேகத்தோடு நின்றுகொண்டார்கள். மணிக்கு ஒரு வண்டிதான் என்றாலும், அது எப்போது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல முடிந்தால், நிறுத்தத்தில் நிற்க வேண்டிய நேரம் தானாகச் சுருங்கிவிடுகிறது.

கட்டணத்தை முழுவதும் நீக்குவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் குடியிருப்பாளர்களுக்கும், லக்சம்பர்க் 2020இல் நாடு முழுமைக்கும் அதைச் செய்தன. கையில் காசில்லாதவருக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வராத வண்டி இலவசமாக வராமல் இருப்பதால் யாருக்கும் லாபமில்லை. என் கையில் ஒரு தொகை இருந்தால் நான் முதலில் வண்டிக்கே செலவழிப்பேன்.

இப்போது பிரசங்கியாரிடம் திரும்புவோம். பேசுவதற்கு அவருக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. கேட்காமல் இருக்க எனக்கு வழி உண்டா என்பது வேறொரு கேள்வி. நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் பல காலமாக எடைபோட்டு வந்திருக்கின்றன. 1938இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரத் தெருவில் ஜெசி கான்ட்வெல் என்ற இளைஞர், கையில் கொண்டுவந்த கிராமபோனில் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டார். எதிரில் நின்ற இருவரும் சரி என்றார்கள். அந்தத் தட்டு அவர்கள் மதத்தையே கடுமையாகத் தாக்கியது. அடித்துவிடலாமா என்று அவர்களுக்குக் கோபம் வந்தது. போய்விடு என்றதும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 1940இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. இந்த வழக்கில் சொற்பொழிவு எவ்வளவு காரமானது என்பதைவிட, அனுமதி கேட்டுத் தொடங்கியதும் போகச் சொன்னதும் போனதும்தான் என் கண்ணில் படுகின்றன.

இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் பேராலயப் படிக்கட்டில் நின்று பேசிய மூன்று பெண்களைச் சுற்றிக் கூடிய கூட்டம் முகம் சுளித்துச் சத்தம் போட்டபோது, காவலர் கூட்டத்தை விட்டுவிட்டுப் பேசியவர்களைக் கைது செய்தார். 1999இல் அந்தத் தண்டனையை நீக்கிய நீதிபதி செட்லி, யாருக்கும் உறுத்தாமல் பேச மட்டுமே இடம் கொடுக்கும் சுதந்திரம் பெற்றுப் பயனில்லாத சுதந்திரம் என்றார். எனக்கும் அதில் உடன்பாடு. தெருவில் பேசுகிறவர் எனக்குப் பிடித்ததை மட்டும் பேச வேண்டும் என்று நான் கேட்க முடியாது. சத்தத்தின் அளவைக் கேட்கலாம், அது வேறு.

ஆனால் வண்டிக்குள் நடப்பது தெருவில் நடப்பதைப் போன்றதில்லை. ஒருமுறை கதவு மூடியதும் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மடியில் தூங்கும் குழந்தையோடு இருந்த ஒரு பெண், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். "நல்ல விஷயம்தானேம்மா சொல்றேன்" என்றார் அவர். "நல்ல விஷயம்னா மெதுவாச் சொன்னாலும் கேக்கும் ஐயா" என்றார் அந்தப் பெண். வண்டியில் சிரிப்பு எழுந்தது. ஆனாலும் அவர் அடுத்த நிறுத்தம் வரை நிறுத்தவில்லை, எங்களில் ஒருவரும் எழுந்து போகவும் முடியவில்லை.

இந்தச் சிக்கல் 1952இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே ஒலித்தது பிரசங்கியின் குரலன்று, வண்டியை ஓட்டிய நிறுவனத்தின் வானொலி. வாஷிங்டன் நகரப் பேருந்துகளிலும் டிராம்களிலும் இசையும் விளம்பரமும் ஒலிபரப்பியதை எதிர்த்து இரண்டு பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், தானே அந்த வானொலியால் அவதிப்பட்டவன் என்பதால் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல முடியாது என்று விலகிக்கொண்டார். பெரும்பான்மை நிறுவனத்தின் பக்கமே நின்றது. நீதிபதி டக்ளஸ் மாறுபட்டு எழுதினார். டிராமில் இருப்பவனுக்கு உட்கார்ந்து கேட்பதையோ, உட்கார்ந்து கேட்காமலிருக்க முயல்வதையோ தவிர வேறு வழியில்லை என்பது அவர் வாதம். தினமும் பயணிக்கும் எவருக்கும் டக்ளஸ் சொன்னதே சரியென்று படும் என நினைக்கிறேன். ஆகவே வண்டிக்குள் யாரும் கூட்டத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்ற விதியை நான் ஆதரிக்கிறேன், அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தால். மதப் பேச்சைத் தடுத்துவிட்டு, நகைக்கடை விளம்பரத்தைத் திரையில் சத்தமாக ஓட்டும் நிர்வாகத்துக்கு அந்த விதியைச் சொல்லத் தகுதியில்லை. காதில் எதையும் மாட்டாமல் கைப்பேசியில் காணொலி பார்க்கும் பயணிக்கும் அதே விதிதான்.

நிறுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் எண்ணமெல்லாம் அதைச் சுற்றித்தான். சட்டத்தின் பார்வையில் நிறுத்தம் தெருவின் ஒரு பகுதி. பிடிக்கவில்லை என்றால் நான் நகர்ந்து போகலாம். உண்மையில் எங்கே போவது? நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வண்டிக்காக நிற்பவர், பத்தடி தள்ளிப் போனால் வண்டி நிற்காமல் போய்விடுமோ என்று அஞ்சுவார். வண்டி அரிதாக வர வர, நிறுத்தம் மூடிய கதவுள்ள வண்டியைப் போலாகிவிடுகிறது. அடிக்கடி வர வர, அது தெருவாகிறது. ஐந்து நிமிடத்தில் அடுத்தது வரும் என்று தெரிந்தவரால், பேச்சு பிடித்திருந்தால் ஒரு வண்டியை விட்டுவிட்டுக்கூடக் கேட்க முடியும். அப்படிக் கேட்பவரை நான் பார்த்திருக்கிறேன். பெரிய நிலைய வாயிலில் பிரசுர வண்டியோடு நின்ற இருவரிடம் ஓர் இளைஞர் தானாகவே போய், தன் தாயின் மரணத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வண்டிகள் வந்து போய்க்கொண்டே இருந்தன. அவர் எதிலும் ஏறவில்லை. என் நிறுத்தத்தில் கட்டாயத்தின் பேரில் நிற்கும் எங்களிடம் அந்தப் பெரியவருக்கு இப்படி ஒரு கேட்பவர் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அதனால் நிறுத்தங்களில் பேச்சைத் தடை செய்யும் யோசனைகள் எனக்கு உவப்பானவையாக இல்லை. நியூயார்க் வட்டார விமான நிலையங்களில் கிருஷ்ண பக்தி இயக்கத்தார் தொடுத்த வழக்கில் 1992இல் நீதிமன்றம் செய்த பாகுபாடு நடைமுறைக்கு ஏற்றது. பெட்டியும் கையுமாகப் போகிறவரை நிறுத்திப் பணம் கேட்பதைத் தடுக்கலாம், பிரசுரம் கொடுப்பதைத் தடுக்கக்கூடாது என்று அது தீர்ப்பளித்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். ஒலிபெருக்கி கூடாது. காதுக்கு இதமாக இல்லை என்பது சிறிய காரணம். பார்வையற்ற பயணி வண்டி நெருங்குவதையும், கதவு திறக்கும் திசையையும், தட எண்ணைச் சொல்லும் அறிவிப்பையும் காதால்தான் அறிகிறார். ஒலிபெருக்கி அவருடைய பெயர்ப்பலகையை மறைத்துவிடுகிறது. எங்கள் நிறுத்தத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, சற்று நேரம் யோசித்துவிட்டு, வண்டி வரும்போது அணைத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். ஒரு கண்ணில்லாதவர் வருவார் என்றும், அவருக்கு வண்டி எண்ணைத் தானேதான் சொல்லி ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். அது உண்மை என்பதைப் பிறகு பார்த்தேன்.

போக்குவரத்து நிர்வாகங்கள் பிரசங்கிகளிடமிருந்து கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று இருக்கிறது. தடங்களை மாற்றுவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. வேலை நாளில், அலுவல் நேரத்தில், எந்த வண்டியும் நேராகப் போகாத ஓர் அலுவலக மாடியில் கூட்டம் வைக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்களும் காரில் வந்தவர்களும்தான். வாகன நிறுத்துமிடம் குறைவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். மக்கள் ஆதரவில்லை என்று குறிப்பு எழுதப்படுகிறது. தேவாலயத்துக்கு வராதவர்களைத் தேடிச் சுரங்கப் பகுதிக்குப் போன விட்ஃபீல்டுக்கு இருந்த நடைமுறை அறிவு இந்த அதிகாரிகளுக்கும் இருக்கலாம். ஒரு நாற்காலி, ஒரு வரைபடம், இரண்டு ஊழியர்கள். மாலையில் வண்டி வராத நிறுத்தமாகப் பார்த்துப் போய் நின்றால் போதும். கேட்பவர்கள் ஏற்கெனவே அங்கே கூடியிருக்கிறார்கள்.

நான் பயணிக்கும் சேவையின் நிர்வாகம் அண்மையில் ஒரு கருத்துப் படிவம் வெளியிட்டது. ஓட்டுநரின் மரியாதை, இருக்கையின் சுத்தம், செயலியின் நிறம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னது. காத்திருப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. படிவத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி எழுதி அனுப்பினேன். இன்று எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்பது ஒன்று. வண்டி வராது என்று நினைத்து இந்த வாரம் எந்தப் பயணத்தைப் போகாமலே விட்டீர்கள் என்பது மற்றொன்று. அடுத்த படிவம் வந்தால், அதில் ஒரு கட்டு அச்செடுத்து எங்கள் நிறுத்தத்துப் பெரியவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன். துண்டுத்தாள் கொடுப்பதில் அவரைவிடப் பழக்கமுள்ளவர் இந்தத் தடத்தில் இல்லை. கொடுப்பதற்கு அவரும் இசைந்திருக்கிறார், தன்னுடைய பிரசுரத்தையும் கூடவே கொடுப்பேன் என்ற நிபந்தனையோடு.